பதினோராவது டிக்

செப்டம்பர் 1, திங்கள்

கிடைத்துவிட்டது. இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த அனுமதி இன்று காலை பத்தேகால் மணிக்குச் சென்னையிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. எங்கள் தலைமை அதிகாரி ரங்கபாஷ்யம் சார் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "இருபத்து மூன்றாம் தேதிக்குள் முடித்துவிடுங்கள், ஹெப்சிபா." முடித்துவிடுவேன். என்னிடம் கொடுத்த வேலை நின்றுபோனதாகத் தூத்துக்குடியில் ஒருவரும் சொன்னதில்லை.

நடந்ததை எழுத அலுவலகப் பதிவேடு இருக்கிறது. நான் நினைப்பதை எழுத இந்த நோட்டு. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் கன்டெய்னர் டெர்மினல் முழுக்க ஒரே ஒரு பெரிய சர்வரில் ஓடுகிறது. ஆள் உயரப் பீரோ போல இருக்கும். உள்ளே எட்டு போர்டுகள். ஒவ்வொரு போர்டிலும் பிராசசர்கள், நினைவகம் எல்லாம் தனித்தனியாக உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன் அதை நட்டநடுவே பிரித்தார்கள். நான்கு போர்டு யார்டுக்கு: எந்தக் கன்டெய்னர் எந்த அடுக்கில் இருக்கிறது, எந்தக் கிரேன் எதைத் தூக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அங்கே. மற்ற நான்கு அலுவலகத்துக்கு: வருகைப் பதிவு, சுங்கத்துறைக் கடிதங்கள், பில்கள். இரண்டுக்கும் நடுவில் வன்பொருளிலேயே சுவர். மின்சாரத் தொடர்புகூடக் கிடையாது. ஒரு பக்கம் புகைந்தாலும் மறுபக்கத்துக்குத் தெரியாது.

நல்லதுதான். ஆனால் கப்பல் வரும் நாளில் யார்டுப் பக்கம் மூச்சுமுட்டும், அலுவலகப் பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். ஒரு பிராசசரைக் கடன் கொடுக்க முடியாது, நடுவில் சுவர். அதைத்தான் எடுக்கப் போகிறேன். எட்டு போர்டையும் ஒன்றாக்கி, அதன் மேல் மென்பொருளால் பிரிக்கப் போகிறேன். அதற்கு மெய்நிகர் பிரிப்பு என்று பெயர். அலுவலகம் சும்மா இருக்கும்போது அதன் பிராசசர்கள் தானாக யார்டுக்குப் போகும், வேலை வந்தால் திரும்பி வரும். இருபத்து மூன்றாம் தேதி வருவது எங்கள் தளத்தில் இதுவரை வந்து நிற்காத அளவு பெரிய கப்பல். அதற்குள் தயாராக வேண்டும்.

டீ குடிக்கும்போது யார்டு சூப்பரின்டெண்டென்ட் லூர்து கோமஸ் அண்ணனுக்கு விளக்கினேன்.

"அப்ப இத்தன நாளு செங்கச் சுவரு. இனிமே ஓலத் தட்டி. அப்படித்தானே ஹெப்சிம்மா?" என்றார்.

"தட்டின்னா வேணுங்கிற பக்கம் நகத்திக்கலாம்லா அண்ணே."

"நகத்தலாம். அங்கிட்டுத் தீப்புடிச்சா?"

யார்டில் முப்பது வருடம் இருந்தவர்களுக்கு எதைப் பார்த்தாலும் தீயும் விபத்தும்தான் நினைவுக்கு வரும். சிரித்துவிட்டு வந்தேன்.

இது முடிந்ததும் மூன்று டெர்மினல்களுக்கும் சேர்த்து ஒரு மண்டலத் தலைமைப் பதவி அறிவிக்கப் போகிறார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

செப்டம்பர் 3, புதன்

மீரான் பாய் வந்தார். சர்வரைப் பராமரிக்கும் சர்வீஸ் கம்பெனியின் எஞ்சினியர். மெஷின் வந்த நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். காயல்பட்டினத்திலிருந்து பைக்கில் வருவார். என் வயதுதான், நாற்பத்து நான்கு. அவர் எனக்குப் பாய், நான் அவருக்கு மேடம். மனிதர் தங்கம், ஆனால் நத்தை. மின்விசிறி போடச் சொன்னாலும் எல்லா ஸ்விட்சையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

சுவரை முழுக்க எடுக்க வேண்டாம், தள்ளி வைப்போம் என்கிறார். ஆறு போர்டு ஒரு பக்கம், இரண்டு போர்டு மறுபக்கம். ஆறுக்குள் நான் மெய்நிகராக என்ன விளையாட்டு வேண்டுமானாலும் விளையாடிக்கொள்ளலாம். சுவருக்கு அப்பால் உள்ள இரண்டில், லாரிகள் வந்துபோகும் கேட் வேலையும் யார்டு வரைபடத்தின் ஒரு பிரதியும் பத்திரமாக இருக்குமாம்.

"ஆறு போர்ட வச்சு நான் என்ன செய்ய பாய்? எட்டும் வேணும்."

"வேணும்தான் மேடம். எட்டும் ஒண்ணா விழுந்தா?"

"ஒம்பது வருசத்துல எப்ப விழுந்துச்சு?"

"ஒண்ணா இருந்ததே இல்லையே மேடம், ஒண்ணா விழுறதுக்கு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எட்டும் ஒன்றாகத்தான் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

அரிசி தீர்ந்துவிட்டது. என் கணவர் ஐசக்கிடம் இரண்டு தரம் சொன்னேன், இரண்டு தரமும் மறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளின் பெயர் நினைவிருக்கும், வீட்டு அரிசி நினைவிருக்காது. நானே போய் வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம். அதற்கு முன்னால் பாயின் பட்டியல். முப்பத்தியொரு கேள்விகள். இங்கே ஒரு வழக்கம் உண்டு: ஒவ்வொரு வரிக்கும் டிக் போடுவது எங்கள் ஆள், கடைசியில் கையெழுத்துப் போடுவது சர்வீஸ் எஞ்சினியர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பார், நான் பதில் சொல்லி டிக் போடுவேன். ஒன்பது வருடமாக இப்படித்தான்.

எட்டாவது கேள்வியிலேயே என் டீ ஆறிவிட்டது. பதினோராவது கேள்வி, கன்சோல் மெஷினுக்கு வெளியே தனிப் பெட்டியில் இருக்கிறதா என்பது. கன்சோல் என்பது ஒரு சின்னக் கணினி. பெரிய மெஷினுக்கு எழு, தூங்கு, பிரி, சேர் என்று கட்டளை போவதெல்லாம் அதிலிருந்துதான். முன்பு மூலையில் தனியாக ஒரு பெட்டியில் இருந்தது. போன வருடம் ஜூலையில் நான் அதை அப்படியே பிரதி எடுத்து, அலுவலகப் பக்கத்துக்குள்ளேயே ஒரு மெய்நிகர்ப் பகுதியாக வைத்துவிட்டேன். மெய்நிகர் என்றால் பயப்படுகிறவர்களுக்கு இது ஒரு பாடமாக இருக்கட்டும் என்றுதான். பதினான்கு மாதமாக ஒரு தும்மல்கூட இல்லை. மிச்சமான பெட்டியில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, கோமஸ் அண்ணனின் கேட்டுக்குக் கொடுத்தேன். அதில்தான் லாரிகளுக்குப் பாஸ் அச்சடிக்கிறார்கள்.

"கன்சோல் தனியாத்தானே மேடம் இருக்கு?" என்றார் பாய்.

"இருக்கு பாய்" என்றேன். தனியாகத்தானே இருக்கிறது, தனி மெய்நிகர்ப் பகுதியாக. டிக் போட்டேன். அதை விளக்க ஆரம்பித்தால் இன்று மதியச் சாப்பாடு கிடையாது. முப்பத்தியொன்று முடியும்போது மணி ஒன்றரை. பாய் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சோதனை ஓட்டம். சிறிய தடங்கல். பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

விளைமீன் நல்லதாகக் கிடைத்தது. குழம்பு வைத்தேன். ஜன்னல் திரைகளைத் துவைக்கப் போட்டேன். எழுத நேரமில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலை கப்பல் எதுவும் இல்லை. ஏழு முதல் ஒன்பது வரை யார்டை நிறுத்திக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன். ஐசக் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனார், நான் மெஷின் அறைக்குப் போனேன். பாயும் வந்திருந்தார். சுவரை எடுக்க வேண்டுமென்றால் மெஷின் முழுவதையும் அணைத்து எழுப்ப வேண்டும். என் மேசைத் திரை வழியாகக் கன்சோலுக்குள் போய்ப் புதுப் பிரிப்பைப் பதிந்தேன். இரண்டு பக்கத்தையும் தூங்க வைத்தேன். எட்டு பச்சை விளக்கும் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த அறையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தோம். எட்டு போர்டிலும் மஞ்சள் விளக்கு எரிந்தது. மஞ்சள் என்றால் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்று பொருள். கட்டளை கன்சோலிலிருந்து போக வேண்டும். கன்சோல் உள்ளே இருந்தது. எழுப்ப வேண்டியவளே உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

இத்தனை மாதம் இது ஏன் தெரியவில்லை என்றால், யார்டுப் பக்கத்தை மட்டும்தான் அவ்வப்போது அணைத்து எழுப்பியிருக்கிறோம். அலுவலகப் பக்கம் அணைந்ததே இல்லை. அதனால் அதனுள் இருந்த கன்சோலும் அணைந்ததில்லை.

"மேடம், கன்சோல்?" என்றார் பாய்.

அவர் திரும்பி மூலையைப் பார்த்தார். பெட்டி இருந்த இடத்தில் என் குடையும் சாப்பாட்டுப் பையும் இருந்தன. பிறகு மதுரையில் இருக்கும் அவர்கள் கிடங்குக்குப் போன் போட்டு, மாற்றுக் கன்சோல் ஒன்றைக் காரில் அனுப்பச் சொன்னார்.

அது வந்து சேர இரண்டரை மணி நேரம். அதை மெஷினோடு பேச வைக்க இன்னும் நான்கு மணி நேரம். ஒன்பது மணிக்கு யார்டு திறக்கும் என்று நம்பி வந்த லாரிகள் துறைமுகச் சாலையில் வரிசையாக நின்றன. கோமஸ் அண்ணனின் ஆட்கள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கன்டெய்னர் கன்டெய்னராக ஓடி, நோட்டில் எழுதி வெளியே விட்டார்கள். மதியம் ஒன்று நாற்பதுக்குப் பழைய சுவரோடே மெஷின் எழுந்தது. சோதனையைத் தொடரப் பாய் சம்மதிக்கவில்லை.

அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பர் 10, புதன்

சென்னைக்கு அறிக்கை அனுப்பினேன். "மறுதொடக்கத்தின்போது கன்சோல் கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து மாற்றுக் கன்சோல் வரவழைக்கப்பட்டு நிலைமை சீரானது. சோதனைக்கு முன் சரிபார்த்த பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது." மூன்று தரம் படித்துப் பார்த்தேன். இதில் பொய் என்று ஒரு சொல் கிடையாது.

செப்டம்பர் 11, வியாழன்

ரங்கபாஷ்யம் சார் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்த மாட்டார். அதுதான் கஷ்டம்.

"லிஸ்ட்ல பதினொண்ணாவது ஐட்டம் பாத்தேன். கன்சோல் தனியா இருக்குன்னு டிக் இருக்கே. அப்புறம் எப்படி இல்லாம போச்சு?"

"உள்ள ஒரு மெய்நிகர்ப் பகுதியா இருந்துது சார்."

"கீழ யார் சைன்?"

"மீரான், சார். சர்வீஸ் எஞ்சினியர்."

"ஒன்பது வருஷமா பாக்கறவர் கன்சோல் எங்க இருக்குன்னுகூடப் பாக்காமயா சைன் போட்டார்?"

போன் தெளிவாகத்தான் கேட்டது. பேசுவதற்கு நேரமும் இருந்தது. "நான் விசாரிக்கிறேன் சார்" என்றேன்.

"வேண்டாம். அவங்க மேனேஜ்மென்ட்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க கப்பல பாருங்க."

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டருக்குக் காற்றுப் பிடித்தேன். முன் சக்கரத்தில் குறைவாக இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

"என்ன ரெண்டு நாளா வீட்ல சத்தத்தையே காணோம்?" என்று ஐசக் கேட்டார். தலைவலி என்றேன். மாத்திரை எடுத்து வந்து கொடுத்தார். போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 13, சனி

சர்வீஸ் கம்பெனியிலிருந்து கடிதம். மீரான் பாயை எங்கள் டெர்மினலிலிருந்து விலக்கிவிட்டார்களாம். சென்னையிலிருந்து சஞ்சீவ் என்று ஒருவர் வருகிறார். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பட்டியலை இணைத்தேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 15, திங்கள்

சஞ்சீவ் வந்தார். விறைப்பான சட்டை, மெல்லிய மடிக்கணினி, எதற்கும் சரி என்ற சிரிப்பு.

"சுவர் எதுக்கு மேடம், எட்டையும் ஒண்ணா போட்டு அடிச்சிடலாம்" என்றார். பாயிடம் நான் சொன்னதும் இதேதான். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது அது அவ்வளவு புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

மதியம் பட்டியலை எடுத்தார். முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"டிக் எல்லாம் நீங்களே போட்டுக்கங்க மேடம். உங்க சைட்டு, உங்களுக்குத் தெரியாததா?"

பேனாவை எடுத்தேன். பத்து வரை போட்டேன். பதினொன்றில் கை நின்றுவிட்டது. மதுரைக் கன்சோல் இன்னும் மூலையில்தான் இருக்கிறது, ஆனால் மறுசோதனை ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முன் வெள்ளிக்கிழமையே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். புதியது இன்னும் வரவில்லை. அது எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. இவர் கேட்கவும் மாட்டார். நான் ஒரு கோடு இழுத்தால் போதும், இந்த உலகத்தில் யாரும் எழுந்துபோய்ப் பார்க்கப் போவதில்லை. போன தடவையும் அப்படித்தான் இழுத்தேன்.

வெட்கமாக இருந்தது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். பட்டியலை நாளை பார்ப்போம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

டீக்கடையில் கோமஸ் அண்ணன். சும்மா பேசுகிற மாதிரிதான் ஆரம்பித்தார்.

"மீரான் பாய வீட்டுக்கு அனுப்பிட்டாவளாம்லா."

"வேற சைட்டுக்குப் போட்டிருப்பாங்க அண்ணே."

"எங்க போட? நம்ம சைட்டுலதான் அவருக்குப் பேரு. அங்கயே பேரு கெட்டுட்டுன்னா எவன் கூப்புடுவான்? இந்த மாசத்தோட நின்னுக்கிடச் சொல்லிட்டாவளாம். அவரு மச்சான்தான் நம்ம லாரி ஆபீஸ்ல இருக்கான், சொன்னான்."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம கேட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் தந்தீயள்ளா ஹெப்சிம்மா. அது எங்க இருந்ததுன்னு எனக்குத் தெரியும். நான் எவன்ட்டயும் சொல்லல." கிளாஸைக் கீழே வைத்தார். "அவரும் சொல்லல போல."

மதியம் மாடிப்படியில் நின்றுகொண்டு பாய்க்குப் போன் செய்தேன். நான்காவது மணியில் எடுத்தார்.

"சொல்லுங்க மேடம். மெஷின் எப்படி இருக்கு?"

வேலை போன மனிதர் முதலில் கேட்டது அதைத்தான். நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"பாய், கன்சோல உள்ள வச்சது நான்தான்னு உங்க ஆபீஸ்ல ஏன் சொல்லல?"

"சொன்னேன் மேடம், கன்சோல் உள்ள இருந்துதுன்னு. யாரு வச்சாங்கன்னு அவங்க கேக்கல. கையெழுத்து யாருதுன்னுதான் கேட்டாங்க. என்னுதுதானே. எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சிருந்தா கண்ணுலயே தெரிஞ்சிருக்கும். நீங்க இருக்குன்னீங்க, நான் உக்காந்துட்டேன்."

"நீங்க என்ன செய்வீங்க பாய், நான்தானே பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி போவது மட்டும் கேட்டது.

"நீங்க மறந்துட்டீங்கன்னு நெனைச்சேன் மேடம். இத்தனை நாளும் அப்படித்தான் நெனைச்சிட்டிருந்தேன்."

மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருக்கலாம். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி மேடம், வச்சிருதேன்" என்று வைத்துவிட்டார். படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, யாரும் வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

காலை ஒன்பது பன்னிரண்டுக்கு அனுப்பினேன். ரங்கபாஷ்யம் சாருக்கு, ஒரு பிரதி சர்வீஸ் கம்பெனிக்கு. மூன்றாம் முறை படிக்காமல் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. படித்திருந்தால் மென்மையாக்கியிருப்பேன்.

"கன்சோலை மெஷினுக்குள் நகர்த்தியது நான். யாரிடமும் அனுமதி பெறவில்லை. மீரான் அதைப் பற்றி நேரடியாகக் கேட்டார். தனியாக இருக்கிறது என்று தெரிந்தே தவறான பதில் சொல்லி, பதினோராவது டிக்கைப் போட்டதும் நான். என் அறிக்கையில் இதை மறைத்தேன். சுவரை ஆறுக்கு இரண்டாக வைக்கலாம் என்று அவர் சொன்னதையும் மறுத்தேன். அவர் சொன்னதுதான் சரி. இருபத்து மூன்றாம் தேதிக்கு அவர் இல்லாமல் இந்த மெஷினைத் தொடுவது ஆபத்து."

சாயங்காலம் ஐசக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அதான் பத்து நாளா சாம்பார்ல உப்பில்லையா" என்றார். பிறகு, "நாளைக்கு என்ன சொல்வாங்க?" என்றார். தெரியவில்லை என்றேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சொன்னார்கள். வேலைக்குப் பொறுப்பு இனி நான் இல்லை, மேற்பார்வை சென்னையிலிருந்து. என் கோப்பில் எழுத்து மூலமாக ஒரு எச்சரிக்கை. மீரான் பாயை உடனே திரும்ப அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ஆறுக்கு இரண்டு. புதுக் கன்சோல் சனிக்கிழமை வந்துவிடும், மதுரைக் கன்சோலும் கப்பல் போகும் வரை இங்கேயே இருக்கும்.

"மண்டலத் தலைமை விஷயம் இப்ப பேச வேண்டாம், ஹெப்சிபா" என்றார் ரங்கபாஷ்யம் சார்.

"நான் பேசலையே சார்" என்றேன்.

வலித்தது. வலிக்கவில்லை என்று எழுத இது அலுவலகப் பதிவேடு இல்லை. அந்த நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர் கிடையாது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பாய் வருகிறார். மத்தியானம் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

புதுக் கன்சோல் வந்தது. என் குடையை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பாய் ஆறு மணிக்கே வந்துவிட்டார். "வாங்க மேடம்" என்றார், எப்போதும் போல. பிளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தார், எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். முகத்தில் கோபம் இல்லை.

பட்டியலை எடுத்தார். நான் வழக்கம் போலப் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

"டிக் நானே போட்டுக்கிறேன் மேடம்" என்றார்.

முதல் கேள்வி மின்சார இணைப்பு. எழுந்துபோய், குனிந்து, இரண்டு கேபிளையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து டிக் போட்டார். இரண்டாவது கேள்வி. எழுந்து போனார். மூன்றாவது. ஒவ்வொரு வரிக்கும் எழுந்தார், பார்த்தார், வந்து உட்கார்ந்தார். மின்விசிறி வேகம், போர்டு எண்கள், பிரதி எடுத்த தேதி. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டு தரம் வாயெடுத்தேன், அதற்குள் அவர் எழுந்துவிட்டார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு அணைத்தோம். சுவரைத் தள்ளி வைத்தோம். வெளியே இருந்த கன்சோலிலிருந்து அவர் கட்டளை கொடுத்தார். ஆறு போர்டுப் பக்கமும் எழுந்தது, இரண்டு போர்டுப் பக்கமும் எழுந்தது. எட்டும் பச்சை. ஆறுக்குள் நான் கட்டி வைத்திருந்த மெய்நிகர்ப் பிரிவுகளைச் சோதித்தோம். யார்டின் மேல் பொய்யாக ஒரு கப்பலின் சுமையை ஏற்றினேன். அலுவலகத்திலிருந்து பிராசசர்கள் ஒன்று, இரண்டு, ஐந்து என்று யார்டுக்குப் போயின. சுமையை எடுத்ததும் தானாகத் திரும்பி வந்தன. ஒரு வேலைகூட நிற்கவில்லை. இதை வடிவமைத்தது நான். அந்தச் சந்தோஷத்தை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

"நல்லா செஞ்சிருக்கீங்க மேடம்" என்றார் பாய், திரையைப் பார்த்துக்கொண்டே. அவர் பொய் சொல்ல மாட்டார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கப்பல் காலை ஐந்தரைக்குத் தளத்தில் வந்து நின்றது. யார்டு ஒரு நொடிகூடத் திணறவில்லை. உச்ச நேரத்தில் அலுவலகத்தின் ஏழு பிராசசர்கள் யார்டில் வேலை செய்துகொண்டிருந்தன. அலுவலகத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவே இல்லை. கோமஸ் அண்ணன் வாக்கி டாக்கியில், "ஹெப்சிம்மா, தட்டி நல்லா நகருதுல்லா" என்றார். யார்டு முழுக்கக் கேட்டது.

சுவருக்கு இன்று வேலையே வரவில்லை. பாயிடம் சொன்னேன். "வராத வரைக்கும் நல்லதுதான் மேடம்" என்றார்.

மூன்று மணிக்கு மண்டலத் தலைமை அறிவிப்பு வந்தது. கொச்சி டெர்மினலிலிருந்து ஒருவர். வாழ்த்து அனுப்பினேன். மனதார இல்லை, ஆனாலும் அனுப்பினேன்.

கப்பல் வேலை ஓய்ந்ததும் பாய் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். சர்வீஸ் கம்பெனி அவருக்கு இன்னும் மூன்று வருடத்துக்கு எங்கள் டெர்மினலையே எழுதிக் கொடுத்துவிட்டதாம். சந்தோஷமாக இருந்தது, அதைச் சொன்னேன். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் யூபிஎஸ் பேட்டரிகளை மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தது.

"எந்தப் பேட்டரி எப்ப போட்டதுன்னு எனக்குத் தெரியும் பாய். கேளுங்க, இப்பவே சொல்லுதேன்."

"இருக்கட்டும் மேடம்" என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு பேட்டரி அறைக்குப் போனார்.

கதவருகே நின்றேன். ஒவ்வொரு பேட்டரியாகக் குனிந்து, துடைத்து, தேதியைப் படித்து எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது பேட்டரி. ஒன்பது வருடமாக அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து என்னைக் கேட்டு எழுதிய மனிதர். நான் சொன்னால் போதும் என்று இருந்தவர். அவருக்கு வேலை திரும்பிவிட்டது. எனக்குத் திரும்ப வேண்டியது இன்னும் வரவில்லை.

அதற்காக அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. எத்தனை மாதம் ஆனாலும் சரி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். கேட்க வைப்பேன்.

இன்னொரு டார்ச்சை எடுத்துக்கொண்டு நானும் உள்ளே போனேன். அவர் படித்த தேதிகளை நான் எழுதிக்கொண்டேன்.